பல்ஸ் ரூம்

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிடும். ஒன்றரை வருடம் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. சொன்னவர் நஞ்சுண்டய்யா, கன்னடக்காரர். பிரேசர் டவுன் பக்கம் ஒரு மின்சாரக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அவர்தான் பெரிய இன்ஜினியர். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கே எனக்குப் போக்குவரத்து இருக்கிறது. கேட்டவள் நான், வித்யாலட்சுமி. ராணிப்பேட்டைக்காரி. பொம்மசந்திராவில் இரும்புத் தகட்டில் கவச அறை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர்.

அறைக்கு எதற்குக் கவசம் என்பீர்கள். அணுகுண்டை ஊர்மேல்தான் போடவேண்டும் என்றில்லை. வானத்தில் வெகு உயரத்தில் வெடித்தாலே போதும். கீழே ஒரு ஓடு உடையாது, ஒருவருக்கும் கீறல் விழாது. ஆனால் கண் இமைப்பதற்குள் ஒரு மின்காந்தத் துடிப்பு வந்து, நூற்றுக்கணக்கான மைல் கம்பிகளில் பாய்ந்து, எந்த ஊருக்கு எவ்வளவு கரண்ட் என்று பங்கிடுகிற கம்ப்யூட்டர்களைக் கருக்கிவிடும். அப்புறம் மாசக்கணக்கில் இருட்டுதான். ஆஸ்பத்திரி, தண்ணீர் மோட்டார், ரயில் எல்லாம் அம்போ.

அதைத் தாங்குகிற அறை ஒன்றை நாங்கள் கட்டினோம். ஆறு பக்கமும் இடைவெளி விடாமல் பற்றவைத்த தகடு. கதவு விளிம்பைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி செம்பு விரல்கள். கதவைச் சாத்தினால் அவை சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 1998-ல் இங்கேயும் பக்கத்து நாட்டிலும் குண்டு வெடித்துப் பார்த்த பிறகு, டெல்லியில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு இந்த யோசனை வந்து, சோதனைக்கு ஒன்று கட்டச் சொல்லியிருந்தார். இது தேறினால் தெற்கே இன்னும் ஏழு நிலையங்களுக்குக் கட்டலாம். தேறாவிட்டால் திட்டத்துக்கே மங்களம் பாடிவிடுவார்கள். எங்கள் முதலாளியும் கவச அறையை மூட்டைகட்டி வைத்துவிட்டு மறுபடி ஸ்டீல் பீரோ செய்யப் போய்விடுவார்.

இதை நஞ்சுண்டய்யாவிடம் எத்தனை விதமாகச் சொன்னாலும் ஒரே பதில்தான். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. முதல்ல ஒய்டூகே முடியட்டும். ஆமேலே நோடோண." அப்புறம் பார்க்கலாமாம். 1999 அது. டிசம்பர் முப்பத்தொன்று நடுராத்திரியில் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பிச் செத்துவிடும் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூதத்துக்குப் படையல் போடவே அவர்களுக்கு நேரம் பத்தவில்லை. என் பூதத்தை யார் சீந்துவார்?

இது போதாதென்று அந்த வார்த்தை வேறு. துடிப்புக்கு இங்கிலீஷில் பல்ஸ். அதில்தான் சனி பிடித்தது. அந்தச் சமயத்தில் பல்ஸ் என்றால் நாட்டில் சகலருக்கும் ஒன்றுதான், பல்ஸ் போலியோ. ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சொட்டு மருந்து. டிவியில் பல்ஸ், ரேடியோவில் பல்ஸ், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு பல்ஸ். அந்த வருடம் மாசத்துக்கொரு ரவுண்டு வைத்தார்கள். நான் 'பல்ஸ் பாதுகாப்பு' என்று தலைப்பிட்டு அனுப்பிய ஃபைல், மூன்று மாதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, நிலையத்து டிஸ்பென்சரியிலிருந்து திரும்பி வந்தது. மேலே டாக்டர் எழுதியிருந்தார்: 'ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று குறிப்பிடவும்.' அதை அங்கே அனுப்பிவைத்தவர் ஆபீஸ் சூப்பிரண்டு ஆம்ப்ரோஸ். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களை வைத்துக்கொண்டு படுகிற பாடு இருக்கிறதே, அது தனிப் பாடு.

அறை முடிந்து, கடைசிப் பரிசோதனைக்கு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை டெல்லி குறித்தது. பரிசோதகர் மத்தியானம் வந்து, அன்று ராத்திரியே விமானம் ஏறிவிடுவார். அறை தேறவேண்டும், நஞ்சுண்டய்யா கையெழுத்துப் போடவேண்டும், காகிதத்தை அவர் கையோடு கொண்டுபோகவேண்டும். இல்லாவிட்டால் 'தயாராகவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அத்தோடு கதை முடிந்தது.

அன்று மத்தியானம் பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து கைனடிக் ஹோண்டாவை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். கேட்டிலேயே மஞ்சள் பேனர். உள்ளே பலூன். என் அறை வாசலில் தாய்மார்கள் வரிசை, இடுப்புக்கு ஒரு பிள்ளை. ஒன்றரை வருடம் நான் செதுக்கிய கதவை ஒரு செங்கல் வைத்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். மேலே ஆம்ப்ரோஸ் கைப்பட எழுதி மாட்டிய பலகை: 'பல்ஸ் ரூம்'.

"ஆம்ப்ரோஸ்!" என்று நான் போட்ட சத்தத்தில் ரெண்டு பலூன் உடைந்திருக்கும்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "குட்ஆஃப்டர்நூன் மேடம். கார்ப்பரேஷன்லேர்ந்து போலியோ பூத்துக்கு ஒரு ரூம் கேட்டாங்க. நம்மகிட்டதான் பல்ஸ் ரூமே ரெடியா இருக்கேன்னு குடுத்துட்டேன். கார்ப்பரேட்டர் வந்து குத்துவிளக்கு ஏத்திட்டுப் போனாரு. ஃபோட்டோகூட எடுத்தாங்க."

"ஐயோ, இது அந்த பல்ஸ் இல்ல ஆம்ப்ரோஸ்!"

"பின்ன எந்த பல்ஸ் மேடம்? பருப்பா?"

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடுவில் மேஜை, மேஜைமேல் மருந்துப் பெட்டி, பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. தரையில் பிஸ்கட் தூள். ஒரு மூலையில் ஈரம், என்ன ஈரம் என்று கேட்கவேண்டியதில்லை. நாலு வயசுப் பையன் ஒருவன் கதவிலிருந்து செம்பு விரலில் ஒரு சாண் நீளத்தைப் பிய்த்து எடுத்து, தங்கச்சிக்கு நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாரும் வெளிய போங்க! இப்பவே காலி பண்ணுங்க!"

மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மா எழுந்திருக்கவேயில்லை. ஐம்பது வயசிருக்கும். வெள்ளைப் புடவை, கையில் சொட்டு மருந்துப் புட்டி. அல்சூர் பாஞ்சாலி, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் வேலை.

"இன்னாத்துக்கு மேடம் கூவுறீங்க? கொழந்திங்க மிரளுதுங்க பாருங்க. போன ரவுண்டு சைக்கிள் ஷெட்ல ஒக்கார வெச்சாங்க. அதுக்கு முந்தி ஜெனரேட்டர் பக்கத்துல, ஒரே பொகை. எங்கள கண்டா எல்லாருக்கும் தொக்கு. இன்னிக்குதான் ஃபேனு, லைட்டுன்னு ஒரு ரூம் குடுத்துகிறாங்க. நான் நவுர மாட்டேன்."

"இது கவர்ன்மென்ட்டுக்கு முக்கியமான ரூம், தெரியுமா?"

"நான் மட்டும் இன்னா, கல்யாணத்துக்கா வந்துகிறேன்? நானும் கவர்ன்மென்ட்டுதான்."

நஞ்சுண்டய்யாவிடம் ஓடினேன். "பேடம்மா, பேடா, வேண்டாம். தாய்மாருங்கள தொரத்தினா நாளைக்கு பேப்பர்ல வரும்" என்று கையை விரித்துவிட்டார். திரும்பி வந்தால் டெல்லிக்காரர் பெட்டியோடும் ஓர் உதவியாளோடும் வாசலில் நின்றிருந்தார். அறையைப் பார்த்தார், பலூனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு யோசனையும் கூடவே வந்தது. "சார், இது நாளைக்கு ஆபரேட்டர்கள் உட்காரப்போகும் அறைதானே? ஆட்கள் உள்ளே இருக்கும்போதே சோதித்துவிடலாம். கதவைச் சாத்தினால் போதும்" என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். சரி என்று அர்த்தம்.

பையனிடமிருந்து சீப்பைப் பிடுங்கி (அவன் வைத்த ஒப்பாரியை மறக்கமாட்டேன்), பையில் வைத்திருந்த புதுச் செம்பு விரல் துண்டைக் கதவில் பொருத்தினேன். உதவியாள் அலை அனுப்புகிற கருவியோடு வெளியே நின்றுகொண்டார். வாங்குகிற கருவியை உள்ளே வைத்து அதன்முன் டெல்லிக்காரர் உட்கார்ந்தார். ஏழெட்டுத் தாய்மார்களும் பிள்ளைகளும் உள்ளேதான். அலை மிக மெல்லியது, ஒன்றும் செய்யாது, காற்று வர வழி இருக்கிறது, கால் மணி நேரத்தில் திறந்துவிடுவேன், பயமாக இருந்தால் இப்போதே வெளியே போகலாம் என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த கன்னடத்திலும் சொன்னேன். யாரும் அசையவில்லை. ஃபேன் காற்று அப்படி.

செங்கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு, நானும் உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினேன். வெளியே சோதனைக்கு எடுத்துக்கொண்ட அலை பத்துக் கோடி பங்கு என்றால், உள்ளே ஒரு பங்குக்குமேல் வரக்கூடாது. அதுதான் தேர்வு. உள்ளே இருந்த கருவியின் முள் எகிறிக்கொண்டு போனது. டிரான்சிஸ்டர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. டெல்லிக்காரர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்!" கதவைச் சுற்றித் தடவினேன். புது விரல்கள் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தன. அப்படியானால் எங்கே ஒழுகுகிறது? மேலே பார்த்தேன். அந்தப் பல்ஸ் ரூம் பலகையை மாட்ட ஆம்ப்ரோஸ் ஒரு கட்டுக்கம்பியை வெளியே ஆணியில் முறுக்கி, மறுமுனையைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து கொக்கியில் சுற்றியிருந்தார். ஃபேன், லைட்டுக்கு வைத்த மாதிரி வடிகட்டி வைக்காமல் கவச அறைக்குள் ஒரு கம்பி நுழைந்தால் போதும், அத்தனை தகடும் வீண். ஆண்டவா! பிளையரை எடுத்து வெட்டி இழுத்து எறிந்துவிட்டு மறுபடி சாத்தினேன்.

டிரான்சிஸ்டர் பாதிப் பாட்டில் கப்பென்று வாயை மூடிக்கொண்டது. முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளைகள்கூட ஒரு வினாடி அழுகையை நிறுத்தின. எனக்கு ஆடவேண்டும்போல இருந்தது.

"இன்னாக்கா, ரேடியோ புட்டுகிச்சா?" என்றாள் பாஞ்சாலி. இப்போது நான் அக்கா ஆகிவிட்டேன்.

"கெட்டுப்போகல. வெளியிலேர்ந்து ஒண்ணும் உள்ள வர முடியாது. அதுக்குத்தான் இந்த ரூம்."

டெல்லிக்காரர் ஒவ்வோர் அலையாக மாற்றிக் குறித்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்குழந்தை அவருடைய டையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி பாட்டுக்கு வாய் வாயாகச் சொட்டு விட்டுக்கொண்டே, துடிப்பைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். யாரும் நம்பமாட்டேன் என்கிறார்களே என்று அவளிடமே புலம்பினேன். யாரிடமாவது புலம்பவேண்டும் போலிருந்தது.

"அத்த ஏன் கேக்குற! என் பொழப்பும் அதானே" என்றாள். "வூடு வூடா போறேன். கதவ தொறக்க மாட்டாளுங்க. போன மாசம்தான போட்டீங்க, மறுபடியும் இன்னாத்துக்குன்னு கேப்பாளுங்க. படிச்சவங்கதான் ரொம்ப மோசம்."

"மடச் சனங்க" என்றேன் நான், மனசார.

"உனக்குக் கொழந்தை கீதா?"

"மூணு வயசுல ஒரு பொண்ணு."

"இந்தத் தபா போட்டாச்சா?"

"இல்லக்கா. போன வருஷம் ரெண்டு தடவை போட்டதுதான். இந்த வருஷம் நேரமே இல்ல. நல்லாத்தான் இருக்கா. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அதே வாக்கியம். அதே இழுவை. நஞ்சுண்டய்யா என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசின மாதிரி இருந்தது.

பாஞ்சாலி ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "பேரு இன்னா கொழந்தைக்கு?" என்றாள்.

"ரக்ஷிதா."

"ரக்ஷிதாவா!" என்று சொல்லி, அடுத்த குழந்தையின் கன்னத்தை அமுக்கினாள். காக்கப்பட்டவள் என்று அர்த்தம். நானும் சந்திரனும் ரெண்டு வாரம் புத்தகம் புரட்டித் தேடி வைத்த பெயர். எனக்கு முகம் எரிந்தது.

"தேறிவிட்டது" என்று டெல்லிக்காரர் டையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். ஒன்றரை வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அப்போது பார்த்து எனக்கு அதில் ருசியே இல்லை.

மணி நாலைத் தாண்டியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு நேரே நஞ்சுண்டய்யாவின் அறைக்கு ஓடி, அவருடைய டெலிபோனில் வீட்டுக்குப் போட்டேன். ஒய்டூகே புண்ணியத்தில் வாரமெல்லாம் கம்பெனியில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவர் என் புருஷன் சந்திரன்.

"ஏங்க, ரக்ஷிதாவத் தெருமுனை பூத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. உடனே. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"இப்பவா? ஏன் திடீர்னு? அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம் வித்யா. அவளுக்கு இதுவரைக்கும் ஒண்ணும்..."

"வாய மூடுங்க!" என்று கத்தினேன். "ஆனதுக்கு அப்புறம் போட்டா அதுக்குப் பேரு மருந்தா? ஆகறதுக்கு முந்திதான் போடணும்! இது ஏன் உங்க யாருக்குமே மண்டைல ஏற மாட்டேங்குது?" போனை வைத்தேன்.

எதிரே நஞ்சுண்டய்யா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார். மேஜைமேல் என் காகிதம், கையெழுத்தில்லாமல், ஒய்டூகே ஃபைல்களுக்கு அடியில் அப்படியே இருந்தது. வாசலில் டெல்லிக்காரர் பெட்டியோடு நின்றிருந்தார்.

"ஏனாய்த்தம்மா, என்ன ஆச்சு? மகளுக்குச் சொட்டு போடலையா?" அந்த மனுஷன் நிஜமாகவே பதறினார். "சே சே, கொழந்தை விஷயத்தைத் தள்ளிப் போடலாமா? என் ஜீப்ப எடுத்துக்கோ. ஓடு."

"சார், கையெழுத்து?"

"அது எங்க போகுது? ஒய்டூகே முடிஞ்சு நிதானமா..."

எனக்குள் என்னவோ அறுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அப்ப நானும் நிதானமாவே போறேன் சார். நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இங்கேர்ந்து எழுந்திருக்க மாட்டேன். அதுக்குள்ள பூத் மூடிட்டா மூடட்டும்."

"ஹுச்சு ஹிடிதா உனக்கு? பைத்தியமாம்மா நீ? மகளுக்கு நாளைக்கு ஏதாவது ஆனா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர்தான் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபைல்களைத் தள்ளி, காகிதத்தை உருவி, பக்கம் பக்கமாகக் கையெழுத்தைக் கிறுக்கினார். "போ, போ, ஹோகம்மா!" என்று கத்தினார். காகிதத்தை வாசலில் நின்ற டெல்லிக்காரர் கையில் திணித்தேன்.

ஓடினேன். பொம்மனஹள்ளித் தெருமுனையில் ஜீப் நின்றபோது பூத்தில் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சந்திரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைகூட வாராமல், அவர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கெஞ்ச ஒருத்தர், சண்டை போட ஒருத்தி என்று ஆனதும் அவர்கள் புட்டியைத் திரும்ப எடுத்தார்கள். ரக்ஷிதா முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்றாள்.

அத்தோடு சுபம் என்று போட்டுவிடலாம்தான். ஆனால் ஜனவரி முதல் தேதி விடிந்தது, ஒய்டூகே வரவில்லை. உலகமே உட்கார்ந்து சரிசெய்ததால்தான் வரவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தாயா, அவ்வளவு பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். அதே வேகத்தில், உன் துடிப்பும் அப்படித்தான் என்றார்கள். நஞ்சுண்டய்யா கையெழுத்துப் போட்ட காகிதம் டெல்லியில் எந்த மேஜைக்கு அடியில் கிடக்கிறதோ. ஏழு நிலையங்களும் திறந்த மேனிக்குத்தான் நிற்கின்றன. முதலாளி பீரோவுக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு என்றால் ஜீப் கொடுக்க ஆள் இருக்கிறது. கரண்டுக்குப் பெத்தவர்கள் யார்?

கம்ப்யூட்டரையும் அந்த அறைக்குள் கொண்டுவரவில்லை. ஆனால் பல்ஸ் ரூம் சும்மா இல்லை. ஒவ்வொரு ரவுண்டுக்கும் பாஞ்சாலி அதைத்தான் கேட்டு வாங்குகிறாள். நானும் பக்கத்துப் பூத்தை விட்டுவிட்டு ரக்ஷிதாவைக் கைனடிக்கில் முன்னால் நிறுத்திக்கொண்டு அங்கேதான் போகிறேன். சொட்டு விட்டு முடித்ததும், செங்கல்லை நகர்த்திக் கதவை ஒரு தடவை சாத்திப் பார்ப்பேன். டிரான்சிஸ்டர் கப்பென்று நின்றுபோகும். ரக்ஷிதாவுக்கு அது பெரிய வேடிக்கை, கை தட்டுவாள்.

போன ரவுண்டிலும் சாத்தினேன். பாட்டு நின்றது. பாஞ்சாலி சிரித்தாள்.

"எத்தினி தபாதான் பாப்பே? அதான் நல்லா கீதே. ஒண்ணும் ஆகலக்கா."

"இதுவரைக்கும்" என்றேன்.